627002: பாளையங்கோட்டைப் பின்கோடு என்ற எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

627002 என்பது என்ன எண்?

பாளையங்கோட்டையின் பின்கோடு. ஆறு லட்சத்து இருபத்தேழாயிரத்து இரண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பின்கோடு முறை வந்தது. முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து 627 என்றால் திருநெல்வேலிச் சீமை. இன்றைய தென்காசி மாவட்டத்து ஊர்களும் இதற்குள்தான் வருகின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகம் என்று சொல்லும்.

அஞ்சல் துறைக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் ஒரு எண்ணை எதற்காக வைத்தார்கள் என்பது வேறு, அந்த எண் எப்படிப்பட்டது என்பது வேறு. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது.

ஆறு இலக்க எண்ணைப் பெரிய எண் என்று சொல்லலாமா?

கணினிக்கு இது பெரிய எண்ணே இல்லை. கையால் கணக்குப் போடுகிறவருக்கு இதுதான் சரியான அளவு. பார்த்தவுடன் இதன் காரணிகள் தெரியாது. ஆனால் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் ஒரு மாலை நேரத்துக்குள் முழுவதும் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு எண்ணியல் சொல்லிக்கொடுக்க இந்த அளவு எண்களையே நான் எடுப்பேன். 12, 36 மாதிரி எண்களில் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நூறு இலக்க எண்ணில் கை வைக்கவே முடியாது.

627002 பகா எண்ணா?

இல்லை. இரட்டை எண் என்பதால் 2 ஆல் வகுபடும் என்று பார்த்தவுடன் தெரிகிறது. முழுப் பிரிப்பு இது:

627002 = 2 × 37 × 37 × 229

2, 37, 229 மூன்றும் பகா எண்கள். 37 இரண்டு முறை வருகிறது.

37 உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பள்ளியில் அதிகம் சொல்லித்தருவதில்லை; சொல்லித்தர வேண்டும்.

999 = 27 × 37. ஆகவே 1000-ஐ 37 ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் எந்த எண்ணையும் வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அந்தத் துண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டுத்தொகை 37 ஆல் வகுபட்டால் மூல எண்ணும் வகுபடும்.

627 | 002. கூட்டினால் 629. 629 = 17 × 37. ஆகவே 627002-ம் 37 ஆல் வகுபடும், வகுத்தால் 16946.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 16946-ஐயும் அதே மாதிரி பிரியுங்கள்: 16 | 946. கூட்டினால் 962. அது 26 × 37. மறுபடியும் 37! வகுத்தால் 458, அதாவது 2 × 229. பத்தாவது படிக்கும் பிள்ளை ஒன்று இதைக் கையால் செய்து, இரண்டாவது முறையும் 37 வந்து நிற்பதைப் பார்க்கும்போது முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே இந்த எண்ணை எடுத்துப் பாடம் நடத்தலாம்.

627 என்று தொடங்கும் எந்தப் பின்கோடு 37 ஆல் வகுபடும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. கடைசி மூன்று இலக்கங்கள் 002, 039, 076, 113 என்று 37 கூடிக்கூடி வர வேண்டும். 627000 முதல் 627999 வரை இருக்கும் ஆயிரம் எண்களில் அப்படி 27 மட்டுமே உண்டு. அதில் முதலாவது பாளையங்கோட்டை.

7, 11, 13 ஆல் வகுபடுமா?

வகுபடாது. 7 × 11 × 13 = 1001 என்பதால் இங்கே துண்டுகளைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். 627 − 2 = 625. அதில் 5-ஐத் தவிர வேறு பகாக் காரணி கிடையாது. ஒரே கழித்தலில் மூன்று எண்களும் போயின. 627004-ஐ எடுத்தால் 627 − 4 = 623 = 7 × 89, ஆகவே அது 7 ஆல் வகுபடும். முழுவதும் பிரித்தால் 2 × 2 × 7 × 7 × 7 × 457.

இதன் வகுத்திகள் எத்தனை? நிறைவெண்ணா?

பன்னிரண்டு: 1, 2, 37, 74, 229, 458, 1369, 2738, 8473, 16946, 313501, 627002. தன்னைத் தவிர மற்றவற்றைக் கூட்டினால் 343828. அது எண்ணை விடக் குறைவு, ஆகவே நிறைவெண் இல்லை. 791-ன் வர்க்கம் 625681, 792-ன் வர்க்கம் 627264. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் முழு வர்க்கமும் இல்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் பின்கோடு 627001. ஒன்றுதானே வித்தியாசம், குணமும் அதே மாதிரிதான் இருக்குமா?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு மகிழ்ச்சி. ஜங்ஷனையும் பாளையங்கோட்டையையும் தாமிரபரணி பிரிக்கிறது, 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் சேர்க்கிறது. எண்களைச் சேர்க்கும்படி அப்படி ஒரு பாலமும் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கவே முடியாது. இரண்டையும் வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசமான 1-ஐயும் வகுத்தாக வேண்டும் அல்லவா.

627001-ஐப் பார்ப்போம். 627000 = 2 × 2 × 2 × 3 × 5 × 5 × 5 × 11 × 19. அதோடு ஒன்றைக் கூட்டியதும் இந்த 2, 3, 5, 11, 19 எல்லாம் மீதி 1 காட்டி விலகிக்கொள்கின்றன. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் 71-இல்தான் பிடி கிடைக்கும்:

627001 = 71 × 8831

8831 பகா எண். ஆகவே ஜங்ஷன் எண்ணுக்கு 1, 71, 8831, 627001 என்று நான்கே வகுத்திகள். பாளையங்கோட்டைக்குப் பன்னிரண்டு.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியுமா?

முடியும். ஒரு வழியில் மட்டுமில்லை, மூன்று வழிகளில்.

629² + 481² = 395641 + 231361 = 627002
659² + 439² = 434281 + 192721 = 627002
751² + 251² = 564001 + 63001 = 627002

நிலக் கணக்காகப் பார்த்தால் எளிதாகப் பிடிபடும். பக்கம் 629 அடி உள்ள ஒரு சதுர வயலும், 481 அடி உள்ள இன்னொரு சதுர வயலும் ஒருவரிடம் இருக்கின்றன. அடுத்தவரிடம் 659 அடி, 439 அடி. மூன்றாமவரிடம் 751 அடி, 251 அடி. வயல்களின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. மொத்தப் பரப்பு மூவருக்கும் மிகச் சரியாக 627002 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 14 ஏக்கர் 39 சென்ட். ஒரு சதுர அடி கூடக் கூடாது, குறையாது. இந்த மூன்றைத் தவிர நான்காவது வழி கிடையாது.

இந்த மூன்று வழிகளும் எங்கிருந்து வந்தன?

எண்ணின் காரணிகளிலிருந்துதான். 229 = 15² + 2². 37 = 6² + 1². 2 = 1² + 1². இப்படி இரு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால், வரும் விடையும் இரு வர்க்கங்களின் கூட்டலாகவே இருக்கும். 628-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய பிரம்மகுப்தரின் பெயரில் வழங்கும் சூத்திரம் இது:

(a² + b²)(c² + d²) என்பதை இங்கே நம் எழுத்தில் சொன்னால், (அ² + ஆ²)(இ² + ஈ²) = (அஇ − ஆஈ)² + (அஈ + ஆஇ)²

நடுவில் உள்ள கழித்தல், கூட்டல் குறிகளை இடம் மாற்றினாலும் சூத்திரம் சரியாகவே இருக்கும். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் பிறக்கின்றன.

போட்டுப் பாருங்கள். 458 = 17² + 13². 37-ன் வர்க்கமான 1369 = 35² + 12². முதலில் 35 × 17 = 595, 12 × 13 = 156; கழித்தால் 439. அடுத்து 35 × 13 = 455, 12 × 17 = 204; கூட்டினால் 659. இரண்டாவது வழி வந்துவிட்டது. குறிகளை மாற்றினால் 595 + 156 = 751, 455 − 204 = 251. மூன்றாவதும் வந்தது. முதல் வழி இன்னும் எளிது: 17-ஐயும் 13-ஐயும் 37 ஆல் பெருக்கினால் 629, 481.

அப்படியானால் 627001-ஐயும் இப்படி எழுதலாமே?

எழுத முடியாது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இதைத் தேடிப் பார்க்காமலேயே உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதுதான் எண்ணியலில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம்.

2-ஐத் தவிர மற்ற பகா எண்கள் இரண்டு வகை. 4 ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை ஒரு வகை: 5, 13, 17, 37, 229. மீதி 3 தருபவை இன்னொரு வகை: 3, 7, 11, 71. முதல் வகைப் பகா எண் ஒவ்வொன்றையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நூறு ஆண்டுக்குப் பிறகு ஆய்லர் அதை நிறுவினார். ஒரு முழு எண்ணுக்கான விதி இது: இரண்டாம் வகைப் பகா எண் எதுவும் அதன் காரணிகளில் ஒற்றைப்படைத் தடவை வரக்கூடாது.

71-ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 3. 627001-இல் அது ஒரே ஒரு முறை வருகிறது. 8831-க்கும் அதே நிலைமை. ஆகவே வழி அடைபட்டுவிட்டது. பாளையங்கோட்டையில் 2, 37, 229 மூன்றும் அனுமதி உள்ளவை. எண்ணின் இலக்கங்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியாது. காரணிகளுக்குள் இறங்கினால்தான் தெரியும்.

திருநெல்வேலி மாநகரில் பகா எண்ணாக அமைந்த பின்கோடு உண்டா?

627001 முதல் 627007 வரை உள்ள ஏழில் ஒன்றுகூட இல்லை. வண்ணார்பேட்டையின் 627003 ஒன்பதால் வகுபடும். மேலப்பாளையம் 627005 = 5 × 89 × 1409. டவுன் 627006 = 2 × 3 × 31 × 3371. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆறு லட்சத்தைத் தாண்டிய இந்தப் பகுதியில் சராசரியாக 13 எண்களுக்கு ஒன்றுதான் பகா எண்.

ஏழில் கவனிக்க வேண்டியது பெருமாள்புரத்தின் 627007. பகா எண் போலவே நடந்துகொள்ளும். 2-இல் தொடங்கி 487 வரை உள்ள 93 பகா எண்களில் எதனாலும் வகுபடாது. தொண்ணூற்று நான்காவது பகா எண் 491. அங்கேதான் உடைகிறது: 627007 = 491 × 1277.

491-ஐயும் 1277-ஐயும் பெருக்குவது எளிது. பிரிப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்?

இந்தக் கேள்வியில்தான் இன்றைய இணையப் பாதுகாப்பின் ஒரு பெரும்பகுதி நிற்கிறது. பெருக்கலுக்கு ஒரு நிமிடம். திரும்பி வருவதற்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். எண் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி பயங்கரமாக வளர்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1977-இல் இதை வைத்தே ஆர்.எஸ்.ஏ. என்ற மறையீட்டு முறையை அமைத்தார்கள். இன்று அதில் புழங்கும் 2048 பிட் எண்களுக்கு 617 இலக்கங்கள். இந்த வகையில் 250 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்தி முடித்ததே 2020-இல்தான், அதுவும் ஏராளமான கணினிகளைச் சேர்த்து ஓட்டி.

அண்ணாச்சி, எங்க தென்காசி பின்கோடு 627811. அதையும் கொஞ்சம் பாருங்களேன்.

பார்த்தாயிற்று. உங்கள் ஊர் எண் பகா எண்! 1-ம் தானும் தவிர அதற்கு வகுத்தியே கிடையாது.

கையால் உறுதி செய்ய வேண்டுமென்றால் 792 வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும், ஏனென்றால் 793-ன் வர்க்கம் 627811-ஐத் தாண்டிவிடும். அந்த எல்லைக்குள் 138 பகா எண்கள் உண்டு. 138-க்கும் மீதி வரும். 4 ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் இதையும் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது.

இந்தச் சீமையிலிருந்து எண்ணியலில் பெயர் பெற்றவர் யாராவது உண்டா?

உண்டு. பாடநூல்கள் அவரைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, சுருக்கமாக எஸ்.எஸ். பிள்ளை. 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். பிறகு கல்கத்தாவுக்குப் போனார்.

வாரிங் சிக்கல் என்று புகழ்பெற்ற ஒரு கேள்வி எண்ணியலில் உண்டு. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டி எழுதிவிடலாம். ஆறாம் அடுக்குகளை வைத்துச் செய்தால் எத்தனை தேவைப்படும்? 73 போதும், அதற்குக் குறைந்தால் போதாது என்று பிள்ளை 1940-இல் நிறுவினார். அடுத்தடுத்து வரும் எண்களைப் பற்றியும் ஒரு அழகான முடிவு அவருடையது: தொடர்ச்சியாக 16 எண்கள் வரை எங்கே எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றுள் இருக்கும். 17 எண்கள் எடுத்தால் இந்த உறுதி போய்விடும். 2184 முதல் 2200 வரை சோதித்துப் பாருங்கள். நம் மாநகரின் ஏழு பின்கோடுகளில் 627001-ம் 627005-ம் 627007-ம் அப்படித் தனித்து நிற்பவை.

1950-இல் அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49. அவர் செய்யாமல் விட்டுப்போன கணக்குகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிள்ளை பகா எண் என்கிறார்களே, அது அவர் பெயர்தானா?

அவர் பெயரேதான். 9-ன் காரணீயப் பெருக்கம், அதாவது 1 முதல் 9 வரை பெருக்கினால், 362880. ஒன்றைக் கூட்டினால் 362881. அது 71 ஆல் வகுபடும்: 71 × 5111. ஆனால் 71-லிருந்து 1-ஐக் கழித்து வரும் 70, அந்த 9 ஆல் வகுபடாது. இந்த இரண்டும் ஒருசேர நடக்கும்படி ஏதாவது ஒரு எண் அமைந்தால் அந்தப் பகா எண் பிள்ளை பகா எண். இவற்றுள் மிகச் சிறியது 23. அடுத்தவை 29, 59, 61, 67, 71.

71 எங்கே வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஜங்ஷனின் 627001 = 71 × 8831. வல்லத்துக்காரர் பெயரைத் தாங்கிய ஒரு பகா எண், திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும் இருக்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு இது மிகவும் பிடித்த தற்செயல்.

எண் கணித ஜோதிடப்படி 6+2+7+0+0+2 = 17, கூட்டினால் 8. எட்டு நல்லதில்லை என்கிறார்களே?

இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது, அந்த எண்ணை 9 ஆல் வகுத்தால் வரும் மீதி. 627002-ஐ 9 ஆல் வகுத்தால் மீதி 8. அந்த எட்டு சொல்வது அவ்வளவுதான். நல்லது கெட்டது அதில் எதுவும் இல்லை. நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால்தான் 9-க்கு இந்த இடம் கிடைக்கிறது. இதே எண் கணினிக்குள் ஈரடிமானத்தில் 10011001000100111010 என்று இருக்கும். அங்கே இலக்கங்களின் கூட்டுத்தொகை 9. ஆனால் 37-ன் வர்க்கம் இதை வகுக்கும் என்பது எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது. வீட்டு வாடகைக்கும் கல்யாண முகூர்த்தத்துக்கும் இந்த எட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

என் ஊர்ப் பின்கோட்டை நானே பிரித்துப் பார்க்க எங்கே தொடங்குவது?

கடைசி இலக்கத்தைப் பார்த்து 2, 5 முடியுங்கள். இலக்கங்களைக் கூட்டி 3, 9. பிறகு மும்மூன்றாகப் பிரித்துக் கழித்தால் 7, 11, 13, கூட்டினால் 37. 627 என்று தொடங்கும் எண்களுக்கு இன்னொரு சலுகை உண்டு: 627000-இல் 11-ம் 19-ம் ஏற்கெனவே இருப்பதால், கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் அவற்றால் வகுபடுகின்றனவா என்று பார்த்தால் போதும். அம்பாசமுத்திரம் 627401 என்றால் 401-ஐ மட்டும் பாருங்கள். 11-க்கும் மீதி, 19-க்கும் மீதி.

இதற்குமேல் 17, 23, 29 என்று வரிசையாக வகுத்துப் போக வேண்டியதுதான். 627 என்று தொடங்கும் எண்களுக்கு 800-ஐத் தாண்ட ஒருபோதும் தேவைப்படாது. விடையைச் சரிபார்க்க, லினக்ஸ் கணினியில் ஃபேக்டர் (factor) என்ற கட்டளையோடு எண்ணைத் தட்டினால் காரணிகள் உடனே வரும். ஆனால் தாளில் போட்டு முடித்த பிறகு தட்டுங்கள்.